நாள் என்றும் வேளை என்றும் நீர் வைத்த பெயர்கள்

இன்று காலை அலுவலகத்தில் ஒரு பழைய புரோகிராம் கோப்பைத் திறந்தேன். திரை முழுக்க நீர் வைத்த பெயர்கள், வே. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் போட்டு புரோகிராம் எழுதுகிற ஆள் இந்தப் பாளையங்கோட்டையிலேயே நீர் ஒருவர்தான் இருந்திருப்பீர்.

புரோகிராமில் ஒவ்வொரு மதிப்புக்கும் வைக்கிற பெயர்களுக்கு முன்னால் ஒட்டுகிற எழுத்துகளை எல்லாம் எடுத்துவிட வேண்டும் என்று இங்கே முடிவாகியிருக்கிறது. உள்ளே இருப்பது எண்ணா எழுத்தா என்பதை இப்போது திரையே காட்டிவிடுகிறதாம். வேலை என் தலையில்.

நாம் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். வண்ணார்பேட்டையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்த திமிரில், எண் என்றால் முன்னால் 'இன்ட்', எழுத்து என்றால் 'ஸ்ட்ர்' என்று நான் எல்லாவற்றுக்கும் பட்டை போட்டுவிடுவேன். விபூதி பூசாமல் ஒரு பெயரையும் வெளியே விடமாட்டேன் என்று நீர் கேலி செய்வீர்.

குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு மருந்துச் சீட்டு அச்சடிக்கும் புரோகிராம் நான் எழுதியது. மறுநாள் ஓட வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை நீர் மேலப்பாளையத்தில் ஜும்ஆ தொழுகை முடித்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர். வாசித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டீர்.

"எண்ணுன்னு மெசினுக்கே தெரியும் வே. இது ஒரு நாளைக்கு உள்ள மருந்தா, ஒரு வேளைக்கு உள்ளதா? அத யாரு சொல்லுவா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இருந்தும் நீர் விடவில்லை. 'இன்ட்' எல்லாவற்றையும் அழித்து, நாள், வேளை என்று முன்னால் போட வைத்தீர். பாதி மாற்றியதுமே நீர் நின்ற அந்த வரி பல்லை இளித்தது. டாக்டர் எழுதும் நாள் அளவை, வேளைகளால் வகுக்காமல், அப்படியே வேளை அளவில் போட்டிருந்தேன். தினம் ஒரு வேளை மருந்தை வைத்தே சோதித்ததால் கணக்கு சரியாக வந்திருந்தது. மூன்று வேளை மருந்தென்றால் பிள்ளைக்கு மூன்று மடங்கு போயிருக்கும்.

"பைய செய்வோம்" என்றீர். அவ்வளவுதான். மேலாளரிடம் போய், நாங்கள் இருவரும் ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம், இன்னும் ஒரு நாள் வேண்டும் என்று கேட்டீர். அந்தப் புரோகிராமில் நீர் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. திட்டில் பாதியை நின்று வாங்கிக்கொண்டீர். அதன்பிறகு டீக்கடையில்கூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நெஞ்சுவலி வந்து நீர் போன நாள்வரை நானும் எடுக்கவில்லை. ஒரு நன்றிகூடச் சொல்லாமல் இருந்துவிட்டேன், வே. வெட்கம்தான் காரணம்.

இன்று மதியத்துக்குள் மற்ற கோப்புகளில் இருந்த 'இன்ட்', 'ஸ்ட்ர்' எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். 'நாள்', 'வேளை' இரண்டையும் தொடவில்லை. மாலைக் கூட்டத்தில் புதிதாக வந்திருக்கும் தலைமைப் பொறியாளர் அம்மா, இவை மட்டும் ஏன் என்று கேட்டார். பழக்கம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் நாளைக்கே யாராவது அழித்துவிடுவார்களே.

"அந்தத் தப்பச் செஞ்சது நான்தான்" என்று ஆரம்பித்தேன். அத்தனை பேர் முன்னால், ஒன்று விடாமல் சொன்னேன். நீர் இருந்தவரை ஒன்பது வருடம் யாரிடமும் சொல்லாத பெயரை இன்று நானே சொல்லிவிட்டேன். கூடவே உம் பெயரையும்.