பீப்பாயில் வாயு ஏற்றிய பிப்ரவரி

பிப்ரவரி 3, திங்கள்

நிலவறையில் வீட்டிலேயே காய்ச்சிய பீர் மூன்று வாரம் புளித்துப் பொங்கி அடங்கிவிட்டது. இருபது வருடமாக நான் பாட்டிலில் ஊற்றுவேன், என் கணவன் லைல் மூடி வைத்துக் கருவியால் அழுத்துவான். போன அக்டோபரில் ஒரு பாட்டிலின் கழுத்தை உடைத்தான். அடுத்த வாரம் டாக்டர், இது பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் என்றார். அதோடு அந்தக் கருவியை அவன் தொடவில்லை. அதனால் இந்த முறை எஃகுப் பீப்பாய் வாங்கிவிட்டேன். பீரை மொத்தமாக ஊற்றி, சிலிண்டரிலிருந்து வாயுவை உள்ளே விட்டால் நுரை வந்துவிடுமாம். ஓர் ஆள் போதும்.

லைல் பார்த்தான். "ஓ, இனிமே நான் வேண்டாமாக்கும்" என்றான். டிவி பக்கம் திரும்பிக்கொண்டான்.

பிப்ரவரி 4

பீப்பாய் கார் ஷெட் ஃபிரிட்ஜில். வாயு அழுத்தம் காட்டும் ரெகுலேட்டர் முள் பன்னிரண்டில். இரண்டு வாரம் தொடக்கூடாது. சும்மா இருப்பது எனக்குப் பிறவியிலேயே வராது.

பிப்ரவரி 8, சனி

நண்பர் ஆர்வில் வீட்டில் சீட்டாட்டம். தனியாகத்தான் போனேன். கிறிஸ்துமஸுக்குப் பிறகு லைல் எங்கும் வருவதில்லை. சர்ச் இல்லை, வெள்ளிக்கிழமை ஊர் மீன் வறுவல் விருந்து இல்லை. "சீட்டு என் கையில நிக்காது மார்லிஸ். எல்லாரும் பார்க்காத மாதிரி நடிப்பாங்க. அதை நான் உக்காந்து பார்க்கணுமா?"

அடுத்த ஆட்டம் யார் வீட்டில் என்று ஆர்வில் மனைவி டார்லீன் கேட்டதும், 22ஆம் தேதி எங்கள் வீட்டில் என்று சொல்லிவிட்டேன். அவனைக் கேட்கவில்லை. இந்தக் குளிர்காலம் முழுக்க அந்த நாற்காலியிலேயே இருந்துவிட்டால் பிறகு எழுந்திருக்கவே மாட்டான். எனக்குப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 9

சொன்னேன். "வேண்டாம்னு சொல்லிடு." முடியாது என்றேன். "அப்ப நான் மேல போய்ப் படுத்துக்குவேன்." படுத்துக்கோ என்றேன்.

பிப்ரவரி 14

பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு. காதலர் தினச் சாக்லேட்டை நானே வாங்கி, அவன் சார்பில் எனக்கே கொடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

குழாயை அழுத்தினேன். ஒரு சொட்டு வரவில்லை. வாயுவை வெளியேற்றி மூடியைத் திறந்தால் - உள்ளே பனிக்கூழ்.

அப்போதுதான் உறைத்தது. பல்பு! ஒவ்வொரு டிசம்பரிலும் லைல் அந்த ஃபிரிட்ஜுக்குள் ஒரு சின்ன பல்பை எரியவிடுவான். ஷெட்டே உறைந்துபோகும்போது ஃபிரிட்ஜால் என்ன செய்ய முடியும், அதற்குக் குளிரவைக்கத்தானே தெரியும். பல்பின் சூடுதான் பீரைக் காப்பாற்றும். இந்த ஊரில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். இந்த வருஷம் யாரும் போடவில்லை. ஷெட் படியில் உட்கார்ந்து அழுதேன். பீருக்காக இல்லை.

உள்ளே வந்து சொன்னேன்.

"பல்பு போடலியா?"

"நீதானே எப்பவும் போடுவே!"

டிவியை அணைத்தான். பிறகு, "சமையலறைக்குக் கொண்டு வா. கரையட்டும்" என்றான். அவன் இதைப் பற்றிக் கேட்டதே இன்றைக்குத்தான்.

பிப்ரவரி 21, வெள்ளி

கரைந்துவிட்டது, ஆனால் ஒரு நாள்தான் இருக்கிறது. முள்ளை முப்பதுக்கு ஏற்றி, பீப்பாயை ஆட்டிக்கொண்டே இருந்தால் வாயு சீக்கிரம் ஏறும் என்று புத்தகத்தில் இருக்கிறது. தரையில் உட்கார்ந்து ஆட்டினேன். ஐந்தே நிமிடத்தில் இடுப்பு போய்விட்டது.

லைல் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். "இங்க தள்ளு அதை. ஆட்டுறதுக்கு இந்த ஊர்ல என்னை விட்டா யாரு இருக்கா?"

சிரிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவன்தான் முதலில் சிரித்தான். பீப்பாயை முழங்கால்களுக்கு நடுவே சாய்த்துப் பிடித்துக்கொண்டான். வாயு களக் களக்கென்று உள்ளே இறங்குவது எனக்கே கேட்டது. அரை மணி நேரம். போதும், நிறுத்து என்றேன்.

"என்கிட்டப் போய் நிறுத்துன்னு சொன்னா எப்படி?"

பிப்ரவரி 23, ஞாயிறு

வாயு ரொம்ப ஏறிவிட்டது. கிளாஸில் முக்கால்வாசி நுரை.

நேற்று எட்டுப் பேர் வந்தார்கள். எல்லாரும் உட்கார்ந்த பிறகு லைல் மாடியிலிருந்து இறங்கி வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. பொத்தான் இரண்டு மாறிப் போட்டிருந்தான். சீட்டு எடுக்கவில்லை. நேராகப் பீப்பாய் பக்கத்தில் போய் உட்கார்ந்து குழாயைக் கையில் எடுத்துக்கொண்டான்.

முதல் கிளாஸிலேயே பாதி பீர் ஆர்வில் கால்சட்டையில். ஆர்வில் குனிந்து பார்த்தார்.

"டேய் லைல், என் கால்சட்டை உன்கிட்ட பீர் கேட்டுச்சா?"

"கிளாஸை நேரா பிடிடா. கை எனக்குத்தானே நடுங்குது, உனக்கு என்ன வந்துச்சு?"

டார்லீனுக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. அதன் பிறகு கடைசிவரை குழாயை அவன் யாரிடமும் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அடுத்த சனிக்கிழமை டார்லீன் வீட்டுக்குப் பீப்பாயோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான். என்னைக் கேட்கவில்லை.

காலையிலிருந்து தரையை மூன்று தடவை துடைத்துவிட்டேன். இன்னும் காலில் ஒட்டுகிறது.