இரண்டு லேப்டாப், இரண்டு நவமி

ஞாயிறு, 8

காலையிலிருந்து தூறல். வீட்டில் இருந்தவர்கள்: நான், அவர், மகள் கவிதா, கிளமெண்டியிலிருந்து வந்த பெரியத்தான் (அவருடைய அண்ணன்). வேறு யாரும் இல்லை.

மாமியாருக்கு முதல் வருஷத் திதி. தேய்பிறை நவமி. திதி பார்க்க நான் எழுதி வைத்திருக்கும் பைத்தான் புரோகிராம் புது லேப்டாப்பில் புதன் என்றது. பெரியத்தான் உடனே ஐயருக்குப் போன் போட்டுவிட்டார். ஆபீசில் லீவும் சொல்லிவிட்டார்.

தேக்கா மார்க்கெட்டில் வாங்க: எள், வாழைக்காய், புடலங்காய், இலை, மிளகு.

திங்கள், 9

நல்ல வெயில். விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று பழைய லேப்டாப்பிலும் ஓட்டினேன். அதே புரோகிராம், அதே தேதி. வியாழன் என்கிறது!

இரண்டையும் சாப்பாட்டு மேசையில் வைத்து, எதில் என்னென்ன பேக்கேஜ் இருக்கிறது என்று பார்க்க பிப் லிஸ்ட் அடித்தேன். வரி வரியாக ஒப்பிட்டால் ஒன்றுதான் வித்தியாசம். பஞ்சாங்கப் பேக்கேஜ்: பழையதில் 1.4, புதியதில் 2.0.

"கவி, புதுசுல என்ன போட்ட?"

"சும்மா இன்ஸ்டால்னு அடிச்சேன்மா. லேட்டஸ்ட் வரும். லேட்டஸ்ட்னா நல்லதுதானே லா."

"நல்லதான்னு பாட்டிகிட்ட போய்க் கேளு."

சிரித்துவிட்டாள். நானும்.

2.0-இன் குறிப்பைப் படித்தேன். ஊர் சொல்லாவிட்டால் இந்திய நேரமாம். 1.4 கம்ப்யூட்டரின் நேரத்தையே எடுத்துக்கொண்டது. இங்கேயே இருப்பவளுக்குச் சிங்கப்பூர் என்று எழுதத் தோன்றவில்லை. எழுதினேன். இப்போது இரண்டிலும் வியாழன். திதி கொடுக்கப் பிற்பகலில் நவமி இருக்க வேண்டும். இந்தியாவில் புதன் பிற்பகலிலேயே நவமி வந்துவிடுகிறது. இங்கே அதற்குள் நம் பிற்பகல் முடிந்துவிடுகிறது.

முருகா.

செவ்வாய், 10

மப்பு மந்தாரம். பெரியத்தானிடம் போனில் சொன்னேன்.

"உன் கம்ப்யூட்டர் மனசு மாத்திக்கும். என் பாஸ் மாத்திக்க மாட்டாரு லா." பிறகு அவரே, "அம்மா விஷயம். நாள் தப்பக்கூடாது. நீயே ஐயர்கிட்ட கேட்டுடும்மா."

உளுந்து இன்னும் ஊறப் போடவில்லை. வடையில் மிளகு குறைந்தால் மாமியார் ஒன்றும் சொல்லமாட்டார், தட்டை நகர்த்தி வைப்பார். அவ்வளவுதான்.

ஐயருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது:

சாமி, வணக்கம். நாளை திதி என்று சொன்னது என் கணக்கில் வந்த பிசகு. பெரியத்தான் மேல் தப்பில்லை. நம் ஊர் நேரப்படி நவமி வியாழன் பிற்பகல் என்று வருகிறது. சரிதானா, பார்த்துச் சொல்லுங்கள். வியாழன் என்றால் உங்களால் வர முடியுமா? சீக்கிரம் பதில் போடுங்கள் சாமி.