கனகா அக்கா போட்ட நிபந்தனை

செப். 1, திங்கள்
தூறல். ஆபீசுக்குப் போகும் பெங்களூர் ரயிலில் உட்கார இடமில்லை. நின்றபடியே கண்காட்சிப் பட்டியல் முடித்தேன். சனி, ஞாயிறு, எங்கள் ஊர் ஆண்டர்சன்பேட்டை ஹால். சனியோடு, தன்பாலுறவு குற்றமில்லை என்ற 377 தீர்ப்புக்கு ஏழு வருடம். கையில் இருப்பவை: மூன்றாம் பாலினத்தை ஏற்ற 2014 தீர்ப்பு, அந்த 2018 தீர்ப்பு, பெங்களூர் வானவில் ஊர்வலப் படங்கள். நம் ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லை. அப்படி இருக்கக் கூடாது.

செப். 3, புதன்
லீவு போட்டு, பக்கத்திலேயே இருக்கும் பாலகாட் போனேன். கனகா அக்கா, திருநங்கை, அறுபதை நெருங்குகிறார், தையல் கடை. ஒருமுறை நகரசபைத் தேர்தலில் நின்று தோற்றவர். அவர் கணக்கில் அது தோல்வியே இல்லை. "எங்கப்பா வெச்ச பேரு இல்ல, நானா வெச்சிக்கின பேரு மெஷின்ல இருந்துச்சு. ஓட்டு போட வந்தவங்க அத்த படிச்சிதானே ஆவணும்."

கண்காட்சிக்கு அவர் போட்டோ கேட்டேன். தருகிறாராம், ஒரு நிபந்தனையோடு. "பக்கத்துல உன்னுதும் மாட்டு. இத்தினி வருசமா இந்த ஊர்ல நான் ஒருத்தியே நிக்கிறேன். நீ இன்னா, பெங்களூர்ல மட்டும் தைரியசாலியா?"

அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன். டீ நன்றாக இருந்தது.

செப். 4, வியாழன்
நான் ஆண்களை விரும்புகிறவன் என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது அம்மாவுக்கும் சர்ச்சுக்கும். அக்கா சொன்னது சரி. மாட்டுகிறேன். ஆனால் அம்மா ஹாலில் வந்து தெரிந்துகொள்ளக் கூடாது. முதலில் நான் சொல்ல வேண்டும்.
வாங்க: ஆணி, டேப், சுத்தியல் (மாமாவிடம் கேட்கலாம்).

செப். 5, வெள்ளி
மீலாது நபி லீவு. சொல்லிவிட்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே முழுவதும் கேட்டாள். யாராவது கெடுத்துவிட்டார்களா என்றாள். இல்லை, எட்டாவது படிக்கும்போதே தெரியும் என்றேன். அத்தனை வருடமா என்றாள். கீரையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். எனக்குச் சாப்பாடு இறங்காது என்று நினைத்திருந்தேன். பசித்தது.

செப். 6, சனி
நல்ல வெயில். கூட்டம் சுமார். நடுச்சுவரில் கனகா அக்கா, பக்கத்தில் நான். என் படத்தின் கீழ்: "ஸ்டீபன், ஆண்டர்சன்பேட்டை. தன்பாலீர்ப்பாளன். ஊரில் சொல்வது இதுவே முதல்முறை."
என்னோடு சர்ச் பாடகர் குழுவில் இருக்கும் ஜான்சன் இரண்டு தடவை படித்தான். கிளம்பிப் போய்விட்டான். போகட்டும். கல்லூரிப் பெண்கள் இருவர் அக்காவோடு செல்ஃபி. அக்கா பட்டுப்புடவையில், மணப்பெண்ணின் அம்மா மாதிரி ஹாலெல்லாம் சுற்றினார்.
அம்மா ஹாலுக்கு வரவில்லை. காலையில் எனக்கான டிபன் டப்பா மட்டும் மேசைமேல் இருந்தது.

செப். 7, ஞாயிறு
ஆராதனை முடிந்து நேராக ஹாலுக்கு வந்தாள் அம்மா. கூடவே சர்ச் மாதர் சங்கத்து அம்மாக்கள் இரண்டு பேர். முதலில் தீர்ப்புகளைப் படித்தாள், கண்ணாடி போட்டுக்கொண்டு, வரி வரியாக. பிறகு கனகா அக்காவுக்கு வணக்கம் சொன்னாள். பிறகு என் படம். கூட வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அம்மா படத்தைத்தான் பார்த்தாள்.
"இன்னாடா இது, தாடியும் மீசையுமா. ஊட்ல நல்ல போட்டோ இருக்குது, எட்த்தாரேன்."
இரண்டு மணிக்கு மூடிவிடுவோம் என்றேன். அதற்குள் வந்துவிடுவாளாம்.