அந்த இரண்டு டப்பாக்களையும் குடித்தது நான்தான்

குட்டி,

ஃப்ரிட்ஜில் நீ வைத்திருந்த எனர்ஜி ட்ரிங்க் இரண்டையும் காலையில் நான்தான் குடித்தேன். தம்பியைத் திட்டாதே. "இதுல அப்படி என்னதான்டி இருக்கு"ன்னு நேற்று உன்னிடம் கத்தினேன் அல்லவா, அதைப் பார்த்துவிடலாம் என்றுதான்.

அரை மணி நேரத்தில் உன் சட்டைகளில் தளர்ந்த பொத்தான்களை எல்லாம் தைத்துவிட்டேன். பிறகு தளராதவற்றையும் பிரித்துத் தைத்தேன். தையல் கடைக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருந்ததால் அப்பாவின் ஜிப் வைத்த ஜாக்கெட்டிலும் ஆறு பொத்தான் வைத்தேன். கேட்டால் ஃபேஷன் என்று சொல்.

அப்புறம்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. குழாய் சொட்டுகிற சத்தத்துக்கே பயமாக இருந்தது. "காரணமே இல்லாம படபடன்னு வருதும்மா, அழுகையா வருது" என்று நீ சொன்னபோதெல்லாம், "படிக்காம இருக்க இது ஒரு சாக்கு" என்றேன். எனக்கு ஒரு காலைப்பொழுது தாங்கவில்லை. நீ இரண்டு மாதமாக இதோடு கல்லூரிக்குப் போய்வருகிறாய்.

எல்லாம் அந்த டப்பாவால்தானா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவரிடம் கேட்போம். இன்று நாலு மணிக்கு உன் கல்லூரி மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டாம் என்று சொன்னேனே, அதை மறந்துவிடு. மூன்றரைக்குக் கல்லூரி வாசலில் நிற்பேன்.

சாப்பாடு அடுப்படியில் இருக்கிறது. உப்பு இரண்டு தடவை போட்டேனோ என்று சந்தேகம். கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடு.

அம்மா

பி.கு. உள்ளே நீ மட்டும் போ. என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தால் தாராளமாகச் சொல். நான் கதவுக்குப் பக்கத்தில் உட்காரமாட்டேன். கஷ்டம்தான், ஆனாலும் உட்காரமாட்டேன்.