படிவத்தில் முதல் கட்டம்

ஜூன் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகையில் நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் இன்று பதினொரு பிள்ளைகள்தான். இரண்டுக்குச் சளி, ஒன்றுக்கு வயிற்றோட்டம். துவைத்த துணி எதுவும் காயவில்லை, அறை முழுக்க மூத்திர வாடை. பால்மா தீரப் போகிறது. தோட்ட ஆபீசுக்கு மூன்றாவது தடவையாக எழுத வேண்டும்.

பரீட்சைக்குப் பத்தொன்பது நாள். வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்து ஆறு வருஷம். இந்தத் தடவையாவது தொலைத்துக் கட்டணும். மிச்சம் இருப்பது ஒரே பாடம், அமெரிக்க வரலாறு, 1800 முதல் 1850 வரை. பிள்ளைகள் தூங்கிய ஒரு மணி நேரத்தில் படித்தது:

– கால்வாய் வெட்டினார்கள், பிறகு ரயில். வீட்டுக்கு நெய்த காலம் போய்ச் சந்தைக்கு நெய்த காலம்.

– வடக்கே கல்லும் கரடுமான பண்ணைகள். கடைக்காரன் ஓலை கொடுப்பான், பெண்கள் வீட்டிலிருந்தே தொப்பி பின்னிக் கொடுக்கணும். பின்னுவது பெண். கடைப் புத்தகத்தில் வரவு பல இடங்களில் புருஷன் பேரில், இல்லாவிட்டால் அப்பன் பேரில்.

– தெற்கே பருத்தி. பருத்திக்கு அடிமைகள். சங்கிலியில் பிணைத்து நூற்றுக்கணக்கான மைல் நடத்தியே கொண்டுபோனார்கள்.

இதைப் படித்தால் உடனே இந்தியாவிலிருந்து வந்த நம் ஆட்கள் மன்னாரிலிருந்து இந்த மலைக்கு நடந்து வந்ததையும் சேர்த்துப் பேச ஆட்கள் இருக்கிறார்கள். அது வேறு, இது வேறு. அந்த மாதிரி மேடைப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காலில் அட்டை. உப்பு இல்லை. சோப்பு வைத்து எடுத்தேன்.

ஜூன் 5, வியாழன்

மழை விட்டது, மூடுபனி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தோட்டத்து மானேஜர் தொரை வந்து பேசினார். தோட்டத்து மலைகளைப் பிரித்துக் கொடுக்கப் போகிறார்களாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு. உரம், புல்வெட்டு, கொழுந்து பறிப்பது எல்லாம் குடும்பத்தின் பாடு. பறித்ததைத் தோட்டத்துத் தொழிற்சாலைக்கே விற்கணும். இனி நாட்சம்பளம் இல்லை.

“நாளைக்கு இருந்து நீங்க கூலி ஆள் இல்ல. நீங்கதான் முதலாளி.”

கை தட்டினார்கள். சம்பளம் இல்லை என்று சொன்னதற்கு! சங்கத் தலைவர் தொரைக்கு மாலை போட்டார். அந்த மாலைக்குப் பூ எப்போது கட்டினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. சேதி நேற்றே தலைவருக்குத் தெரிந்திருக்கிறது, எங்களுக்குத்தான் இன்று.

அமெரிக்காவிலும் இதே பேச்சுத்தான் அந்தக் காலத்தில். ஒவ்வொருவனும் தன் காலில் நிற்கிறவன், சொந்த உழைப்பில் மேலே வந்தவன். நிலம் யாரிடமிருந்து பிடுங்கியது என்று மட்டும் கேட்கக் கூடாது.

கூட்டம் கலைந்ததும் தொரை என்னைக் கூப்பிட்டார். “டீச்சர், ஒங்க தமிழ் எழுத்து நல்லம். துண்டு குடுக்கிறதுக்கு ஃபோம் எல்லாம் நீங்க நிரப்பித் தரணும்.” சரி என்றேன். பால்மாவைப் பற்றிக் கேட்டேன். பார்க்கிறேன் என்றார்.

ஜூன் 8, ஞாயிறு

வெயில்! துணி எல்லாம் காய்ந்தது.

காலை எட்டு மணியிலிருந்து பிள்ளைக் காம்பரா வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தேன். குடும்பத்துக்கு ஒன்றாக அறுபத்திரண்டு படிவம். வந்தது முழுக்கப் பெண்கள்தான். ஆம்பிளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நோர்வூட் டவுனில் என்னவோ தலை போகிற வேலை.

முதலில் வந்தது லெச்சுமி. பேர் என்ன என்று கேட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு புருஷன் ஐடென்டி கார்டை நீட்டினாள். புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டாள். முப்பது வருஷமாகச் சொன்னதில்லையாம். பின்னால் நின்றவளும் கார்டை நீட்டினாள். அதற்குப் பின்னால் நின்றவளும். புருஷனை வாடா போடா என்று லயத்து வீட்டு வரிசையே அதிரத் திட்டுகிற சாந்தியும்கூட, வரிசையில் எல்லாரும் அப்படிச் செய்கிறார்களே என்று அவன் கார்டையே எடுத்து வந்திருந்தாள். ஒரே சிரிப்பு. “டீச்சர், கார்டுல உள்ள போட்டோவப் பாக்காதீங்க, பயந்துருவீங்க.”

புஷ்பம் அக்காவும் வந்தாள். என் கூடப் பிறந்தவள், இருபத்திரண்டு வருஷமாகக் கொழுந்து பறிக்கிறாள். வரிசையில் நிற்க வேண்டாம், உள்ளே வா என்றேன், கேட்கவில்லை. அத்தான் கார்டைக் கொடுத்தாள். ராஜேந்திரன் என்று எழுதினேன். அந்த ‘ஜே’ நன்றாக வந்தது.

இரண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. தொரை வீட்டிலிருந்து கேக் அனுப்பினார்கள். பிறகு படிப்பு. கல்யாணமான பெண்ணின் சட்ட நிலை: கட்டிய நாளோடு அவளுக்குத் தனிப் பேர் இல்லை. ஒப்பந்தம் போட முடியாது. கூலி வாங்கினால் அது அவனுடையது. புருஷன் செத்தால் திரும்பவும் ஆள் ஆவாள். நான்கு பக்கம் குறிப்பு. முக்கியம், கேள்வி வரும்.

நல்ல நாள்.

ஜூன் 11, புதன்

நேற்று பௌர்ணமிப் போயா லீவு. இன்று பிள்ளைக் காம்பராவில் பதினாறு பிள்ளைகள்.

மூன்று மணிக்கு அக்கா சின்னவனைத் தூக்க வந்தாள். தலைத்துணியில் மழை சொட்டுகிறது. போகாமல் நின்றாள்.

“ஆபீசுல எல்லாரையும் ஒப்பந்தத்துல கையெழுத்து வைக்கக் கூப்பிட்டாங்க. நாங்களும் போனோம். பொம்பளைங்க வெளிய நில்லுங்கன்னுட்டாங்க.”

“ஏன்?”

“பேரு உள்ளவங்கதான் வைக்கணுமாம். இனி என் பேங்குப் புத்தகத்துல ஒண்ணும் ஏறாதா?”

மிச்சமிருந்த வெற்றுப் படிவம் ஒன்று மேசை இழுப்பறையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். முதல் கட்டத்தில் அச்சில் இருப்பது: ‘தோட்டப் பதிவில் உள்ள தொழிலாளியின் பெயர், அல்லது அவர் குடும்ப உறுப்பினர் ஒருவரின் பெயர்’. முதலில் இருப்பது தொழிலாளி! புருஷன் என்று எங்கேயும் இல்லை. குடும்பத் தலைவன் என்றுகூட இல்லை. அறுபத்திரண்டு வீட்டில் பதிவில் ஆம்பிளை பேர் உள்ளது பதினேழில். மற்றது முழுக்கப் பெண்கள் பேரில். அத்தான் இந்தத் தோட்டத்துத் தேயிலையில் ஒரு நாள் கை வைத்ததில்லை. கொழும்பில் துணிக்கடையில் நின்றார், கடை மூடிய பிறகு மூன்று வருஷமாகச் சும்மா.

யாரும் கேட்காமல், யாரும் மிரட்டாமல், நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். கேக் தின்றுகொண்டே அந்த நான்கு பக்கக் குறிப்பும் எடுத்திருக்கிறேன்! தூ. படித்தவளாம், டீச்சராம். என் மூஞ்சியில் நானே துப்பிக்கொள்ளணும்.

ஜூன் 13, வெள்ளி

ஆபீசுக்குப் போனேன். முக்கால் மணி நேரம் வெளியே நிற்க வைத்தார்கள். உதவி மானேஜர் சின்னத்தொரை நல்ல பையன், சிரித்துக்கொண்டே பேசினான். அதுவே எரிச்சல்.

“ஃபோம் கொழும்பு போயிட்டது டீச்சர். மாத்தணும்னா பேர் உள்ள ஆள், சம்மதம்னு லெட்டர் தரணும்.”

“பதிவுல உள்ளது எங்க அக்கா. அக்கா பேரப் போட அத்தான் சம்மதிக்கணுமா?”

“ஓவ், ஆமா. இப்ப அவர்தானே ஆள்.”

வெளியே தலைவர். கழுத்தில் மப்ளர், கையில் புது போன். “ஏன் டீச்சர் குடும்பத்துக்குள்ள கோடு கிழிக்கிறீங்க? பொம்பள பேரு இருந்தா என்ன, ஆம்பள பேரு இருந்தா என்ன? ஒரே பானையிலதானே சோறு வேகுது.”

“ஒண்ணுதான்னா பொம்பள பேரையே போட்டுருவோமே தலைவர்?”

ஹாஹா என்று சிரித்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மணியே அடிக்கவில்லை.

ஜூன் 14, சனி

பேரை மாற்றக் கேட்கலாம் என்று சொல்ல லயம் லயமாக ஏறி இறங்கினேன். முழங்கால் வலி. கேட்டது:

“எங்க வீட்டுல இதச் சொன்னா அடி விழும் டீச்சர். பேசாம போங்க.”

“இப்ப மாத்துனா புருஷன வேணாம்னு எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும்.”

“நீங்கதானே எழுதினீங்க?” (லெச்சுமி. முகத்துக்கு நேரே. சரியாகத்தான் கேட்டாள்.)

“எழுதயிலயே சொல்லியிருக்கலாம்ல?” (சாந்தி.)

பதிவில் உள்ள பெண்களில் மாரியாயி ஒருத்தி பேர்தான் படிவத்தில் இருக்கிறது. அவள் புருஷன் செத்து நான்கு வருஷம், நீட்டக் கார்டு இல்லை. புருஷன் செத்தால் திரும்பவும் ஆள். இருநூறு வருஷத்துக்கு முந்திய சட்டம், இங்கே யாரும் போடாமலே நடக்கிறது.

படிக்கவில்லை. புத்தகத்தைத் தொடவே அருவருப்பாக இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

சம்மதக் கடிதத்தை நானே எழுதி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அத்தான் வெளியே உட்கார்ந்து புதுக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் சின்னக் கொப்பி, பேனா. தினமும் ஐந்து மணிக்கு எழும்பித் தன் துண்டைப் பார்க்கப் போகிறாராம். வாகை மரத்தடியில் நின்று செடியை எண்ணுகிறாராம். பறிப்பது இல்லை, எண்ணுவதோடு சரி.

கடிதத்தைப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

“அவ்வளவுதானே மச்சினிச்சி? குடு பேனாவ. எனக்கு என்ன வந்துச்சு.”

எனக்கு நம்ப முடியவில்லை. அப்போது அக்கா உள்ளேயிருந்து வந்தாள். மாவுக் கையோடு வந்து கடிதத்தைப் பிடுங்கினாள்.

“வைக்காதீங்க.”

“ஏன் புஷ்பம்? நல்லதுக்குத்தானே சொல்லுது.”

“நீங்க பேசாம இருங்க.” என்னை வீட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். பீலியில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் மெதுவாகத்தான் பேசினாள்.

“மூணு வருஷமா அந்த மனுஷன் சுவரப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. இப்பதான் எழும்பி நடக்கிறாரு. முதலாளின்னு யாரோ கூப்பிட்டதுக்கு மொகத்துல சிரிப்பு வந்திருக்கு. அதையும் புடுங்கிட்டு நான் என் பேர போட்டுக்கணுமா? பேராவது இருக்கட்டும் அந்த மனுஷனுக்கு.”

“பறிக்கிறது நீ.”

“எப்பவும் நான்தானே பறிக்கிறேன்.”

“காசு அவரு கைக்குப் போகும். சின்னவனுக்கு மருந்து வாங்கக்கூட நீ கேட்டு நிக்கணும். தெரியுதா?”

“தெரியும்டி. நான் என்ன மடச்சியா?”

கடிதத்தை அடுப்பில் போட்டாள். ரொட்டி கொடுத்தாள், கட்டைச் சம்பலோடு. தின்றேன். தின்னாமல் வந்திருக்கணும். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கோபப்படுவது மாதிரி அசிங்கம் வேறில்லை.

ஜூன் 22, ஞாயிறு

கண்டி. பரீட்சை. பஸ்ஸில் கினிகத்தேனை வரைக்கும் நின்றேன்.

மூன்றாவது கேள்வி கல்யாணமான பெண்களும் சொத்தும். வரும் என்று தெரியும், வந்தது. ஆறு பக்கம் எழுதினேன். மிசிசிப்பி மாநிலத்தையும் எழுதினேன்: மனைவிக்குச் சொத்துரிமை கொடுத்த ஆரம்பச் சட்டங்களில் ஒன்று அங்கே. நல்ல காரியம் என்றுதான் முதல் தடவை படிக்கும்போது நினைத்தேன். அந்தச் சட்டம் பெரிதாகக் காப்பாற்றிய சொத்து எது? அவள் பேரில் உள்ள அடிமைகள். புருஷன் கடனுக்கு அவர்களைப் பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒருத்திக்குப் பேர் கிடைக்க இன்னொருத்தியை விற்கலாம் வாங்கலாம்.

பக்கத்தில் உட்கார்ந்த பெண் கேட்டாள், “அக்கா, பாஸாகிருவீங்களா?” ஆகிவிடுவேன். நன்றாகவே ஆகிவிடுவேன். அதுதான் குமட்டுகிறது.

ஜூலை 2, புதன்

மழை, மழை, மழை. பிள்ளைக் காம்பராவில் ஏழு பிள்ளைகள். மற்றதுகளை மலைக்கே தூக்கிக்கொண்டு போகிறார்கள், விடிய முன்பே போய்ப் பறிக்கணுமாம். முதலாளி வீட்டுப் பிள்ளைகள் தேயிலைச் செடிக்கடியில் உரப் பையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. பெரட்டு இருந்தபோது மழைக்காவது மணிக்காவது ஒரு கணக்கு இருந்தது.

ஆபீசிலிருந்து கடிதம்: பிள்ளைகள் குறைந்ததால் பால்மாவும் குறைக்கப்படும். அடேயப்பா, இதற்கு மட்டும் உடனே பதில் எழுதத் தெரிகிறது!

ஜூலை 12, சனி

மழை இல்லை. முதல் மாதக் கொழுந்துக் காசு இன்று. பேங்கில் போடாமல் கையில் கொடுத்தார்கள். போட்டோ எடுக்கணுமாம், கொழும்பிலிருந்து ஆள் வந்திருந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வாழை கட்டியிருந்தார்கள்.

முன் வரிசையில் ஆம்பிளைகள். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. பின்னால் பெண்கள், இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்கு, தலையில் கொழுந்து. அவர்களுக்கு இன்றைக்கும் நிறுத்துக் கொடுக்கணும். போட்டோக்காரன் அவர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னான்.

ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார்கள். போய் வாங்கி, தொரையோடு கைகுலுக்கி, போட்டோ. மாரியாயி பேர் வந்தபோது எல்லாரும் சிரித்தார்கள். அவளும் கூச்சப்பட்டுக்கொண்டே ஓடிப் போய் வாங்கிவந்தாள்.

“ராஜேந்திரன்.”

அத்தான் போனார். கும்பிட்டார். கவரை வாங்கிக்கொண்டு நேரே அக்காவிடம் வந்தார். கவரைப் பிரித்து, உள்ளே பார்த்து, கொஞ்சத்தை உருவினார்.

“இந்தா, வச்சுக்க.”

அக்கா கறை பிடித்த கையைப் படங்கில் துடைத்தாள். இரண்டு கையாலும் வாங்கினாள். கோயில் தட்டில் வாங்குவது மாதிரி கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மிச்சம் அத்தான் சட்டைப் பைக்குள் போனது. தலைவர் கூப்பிட, எல்லா முதலாளிமாரும் கடைப் பக்கம் போனார்கள்.

நான் போகத் திரும்பினேன். அக்கா கையைப் பிடித்தாள். விரலெல்லாம் வெடிப்பு, சொரசொரவென்று. முகத்தில் அப்படி ஒரு பெருமை.

“பாத்தியா? கேக்காமலே குடுத்தாரு.”