சம்பூர்ப் பக்கத்து வானம்

அன்பின் உமக்கு,

சுகமாய் இருப்பீர் என்று நினைக்கிறன். இங்க மழை விட்டிருக்கு.

நேற்று எரிநட்சத்திரங்கள் மழை மாதிரி விழும் என்று ரேடியோவில சொன்னாங்கள். இருட்டினதும் கதிரையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினன். லிங்கநகரில எங்க வானம் தெரியுது? துறைமுகத்து லைட் வெளிச்சத்தில ஒரு வெள்ளியும் இல்லை. பக்கத்து வீட்டு மேனுஜா மதிலுக்கு அங்கால நின்று, “அக்கா எப்ப வாறா அண்ணை?” என்று கேட்டா. தமக்கை வீட்டில கொஞ்ச நாள் நின்றிட்டு வருவா என்று சொன்னன். ஆடியிலயும் அதைத்தான் சொன்னனான்.

பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்தன். இருட்டான இடம் தேடித்தான் வெளிக்கிட்டனான். கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டி, சம்பூருக்கே வந்திட்டன்.

உம்மட அக்கா வீட்டு வேலிக்கு வெளியில நின்றன். நீங்கள் ரெண்டு பேரும் முற்றத்தில பாய் விரிச்சு அண்ணாந்து படுத்திருந்தீங்கள். ஒன்று நீளமாய் எரிஞ்சு விழ, “அங்க பாருங்கோ அக்கா” என்று நீர் சிரிச்சீர். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தினை வருசம்.

கூப்பிடத்தான் நினைச்சனான். சத்தம் கேட்காமல் சைக்கிளை றோட்டு வரைக்கும் உருட்டிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் பண்ணினன். திரும்பி வரேக்க மேல பார்க்கவும் மனமில்லை.

இண்டைக்கு உம்மட உடுப்புகளை அலுமாரியில இருந்து எடுத்து மடிச்சு வைச்சன். தையல் மெசினையும் துடைச்சு எண்ணெய் விட்டிருக்கிறன். ஞாயிற்றுக்கிழமை என்ர தம்பி எல்லாத்தையும் ஓட்டோவில உம்மட அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்குவான். நான் வரமாட்டன்.

உம்மட மனிசன்