புறப்படுமுன் கொஞ்சம் உட்கார்

மாஸ்கோ,
அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கெனாவுக்கு உன் சித்தி நியூரா எழுதுகிறேன். அந்தப் பொட்டல்வெளியில் நீ குளிரில் வாடாமல், வயிறு காயாமல் இருக்க வேண்டும். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. உனக்குக் கம்பளிக் காலுறை பின்னிக் கொடுத்திருக்கிறாள்.

இதைத் தபாலில் போடவில்லை. எங்கள் பொதுச் சமையலறையில் என் பக்கத்து அடுப்புக்காரி சோயா, நாய்களைப் பார்த்துக்கொள்ள அங்கே வருகிறாள். அவள் கையில் கொடுத்திருக்கிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

என் மகள் லீதாவை வசந்தத்தில் புதைத்தோம். அவள் வளர்த்த நாய் கிரோஷ்காவை மடியில் போட்டுக்கொண்டுதான் இத்தனை நாள் ஓட்டினேன். போன மாதம் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுவிட்டு வருவதற்குள் அது முற்றத்தில் இல்லை. எவனோ இறைச்சித் துண்டைக் காட்டிக் கூப்பிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு போனானாம். சோயாதான் இங்கே மாஸ்கோவில் தான் வேலை பார்க்கும் நாய்க்கூடத்தில் அடையாளம் கண்டு வந்து சொன்னாள். வெளுத்த நிறம், சின்ன உடம்பு, பெட்டை. ராக்கெட்டில் வைத்து வானத்துக்கு அனுப்ப இப்படிப்பட்டதைத்தான் தேடிப் பிடிக்கிறார்களாம்.

அந்த நாய்க்கூடத்து வாசலுக்குப் போய்க் கேட்டேன். "இங்க நாயே கிடையாதும்மா, வீட்டுக்குப் போ" என்றான் காவல்காரன். அவன் முதுகுக்குப் பின்னால் நாய்க் கூட்டமே குரைக்கிறது. "அப்ப குரைக்கிறது யாரு, உன் பெரிய அதிகாரியா?" என்று கேட்டேன். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கதவைத் திறக்கவில்லை.

இப்போது கிரோஷ்காவின் முறை. பாராசூட் குடை விரிந்தால் உயிரோடு இறங்கிவிடுமாம். போன தடவை விரியவில்லையாம்.

நீ அங்கே ராக்கெட் தளத்தில் சமையலில் இருக்கிறாய். சாயங்காலம் அதை நடக்க விடும்போது கயிற்றை அவிழ்த்துவிடச் சொல்லி உன்னைக் கெஞ்சத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். சோயாவிடமும் சொன்னேன். "ஒண்ணு ஓடிப்போனா சும்மா இருப்பாங்களாக்கா? சமையக்கட்டுப் பின்னால எலும்புக்கு நிக்கிற ஏதாவது ஒண்ணத் தூக்கி ஏத்திருவாங்க" என்றாள். அங்கே நிற்பது, நீ எழுதினாயே, உன் பூட்ஸ் மேல் தலை வைத்துத் தூங்கும் அந்தக் குட்டிதானே. அதற்கப்புறம் சில நாள் இந்தத் தாளையே தொடவில்லை. கயிற்றை அவிழ்க்கச் சொல்லி இனிக் கேட்க மாட்டேன், கெனா.

வேறொன்று கேட்கிறேன். யாராவது பயணம் கிளம்பினால் நம் வீட்டில் எல்லோரும் சற்று உட்கார்ந்துவிட்டுத்தானே எழுந்திருப்போம், போகிறவர் திரும்பி வர வேண்டும் என்று. கிரோஷ்காவும் பெட்டி ஓரமாக உட்கார்ந்துகொள்ளும். லீதாவை ஆம்புலன்ஸில் தூக்கும்போது, "உட்கார நேரமில்ல, நகருங்க" என்று தள்ளிவிட்டார்கள். யாரும் உட்காரவில்லை.

அங்கே அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்களாம். நீ கிரோஷ்கா என்றே கூப்பிடு, இடது காது எழும். ராக்கெட்டில் ஏற்றுவதற்கு முன் எப்படியாவது பக்கத்தில் போய்த் தரையில் கொஞ்சம் உட்கார். ஒன்றும் பேச வேண்டாம். அதுவும் உட்காரும். பிறகு எழுந்திருங்கள்.

எந்த நாள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் நான் இங்கே தினமும் உட்காருகிறேன்.

நீ நன்றாக இருப்பாய், மகனே.

உன் சித்தி,
நியூரா